சாய்வு நாற்காலியில் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு: வீட்டில் செய்த, மின்மோட்டார் வைத்த மிதி சைக்கிள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளத்தூரில் வீடு, காரைக்குடியில் வேலை, நடுவில் கோட்டையூர். வாசலுக்கு வாசல் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மூன்று வருடமாக இந்த வழியில் நானே வெட்டி ஒட்டிய ஒரு சைக்கிளில் போய் வருகிறேன். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள். வெளிநாட்டில் ரிகம்பென்ட் என்பார்கள். பின் சக்கரத்தில் சின்னதாக ஒரு மின்மோட்டார். எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் கூடிவிடுகிறார்கள், கேள்விகளும் அநேகமாக அதே கேள்விகள்தான். கோட்டையூர் டீக்கடையில் நின்று பதில் சொல்லியே இரண்டு முறை கடைக்குத் தாமதமாகப் போனேன். அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே சில கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"ஏன் தம்பி, நல்லாருக்குற சைக்கிள விட்டுட்டு இதுல படுத்துக்கிட்டுப் போற?"

இடுப்புதான் காரணம். நகைக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. ஒன்பது மணி நேரம் குனிந்து உட்கார்ந்துவிட்டு பைக்கில் ஏறினால், ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில் வந்து நிற்கும். பைக்கை விடச் சொன்னார் டாக்டர். சாதாரண சைக்கிளுக்கு மாறினேன். இடுப்பு கொஞ்சம் தேறியது, ஆனால் உள்ளங்கை மரத்துப்போக ஆரம்பித்தது. உடம்பின் பாரம் பாதி கையில் இறங்குகிறது, மீதி ஒரு சாண் சீட்டில் இறங்குகிறது. மூலம் உள்ளவர்களுக்கு அந்தச் சீட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முகப்பில் ஒரு பர்மா தேக்குச் சாய்வு நாற்காலி கிடக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது இல்லாத முகப்பு குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் சாய்ந்து காலை நீட்டிக் கிடந்தபோதுதான் கவனித்தேன், இடுப்பு வலி என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. இதற்குச் சக்கரம் வைத்தால் என்ன என்று யோசித்தேன். அங்கே ஆரம்பித்ததுதான்.

இது புது வண்டியா? யார் கண்டுபிடித்தது?

புதுசு இல்லை, 90 வருடம் தாண்டிய சங்கதி. பிரான்ஸில் ஷார்ல் மோஷே என்பவர் செய்த இப்படியொரு வண்டியில் ஃபிரான்சிஸ் ஃபோர் 1933 ஜூலையில் பாரிஸ் ஓட்டத்தளத்தில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914-இல் ஆஸ்கர் எக் வைத்திருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை அன்றோடு போனது. ஃபோர் அப்போது முதல் வரிசைப் பந்தய வீரர்கூட இல்லை. சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது தெரியுமா? அடுத்த வருடமே சைக்கிள் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று விதி எழுதி, இந்த வகையைப் பந்தயத்திலிருந்தே தள்ளிவைத்தது. பந்தயத்தில் இல்லாததைக் கம்பெனிகள் ஏன் செய்யப்போகின்றன? அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் இதைப் பார்க்க முடியவில்லை, நாமே வெட்டி ஒட்ட வேண்டியிருக்கிறது.

அவ்வளவு வேகமான வண்டி என்றால் மோட்டார் எதற்கு?

வேகத்துக்காக இல்லை. புறப்படுவதற்காக.

சாதாரண சைக்கிளில் சிக்னலில் நின்று கிளம்பும்போது என்ன செய்கிறோம்? எழுந்து நின்று, உடம்பு பாரத்தைப் பெடல் மேல் போட்டு ஒரு அழுத்து. இதில் எழுந்து நிற்க முடியாது. முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்துக் காலால் மட்டும்தான் தள்ள வேண்டும். முதல் இரண்டு மிதியில் வண்டி ஆடும். எட்டு, பத்து கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் ரயில் மாதிரி நேராகப் போகும். ஆக, ஆபத்தெல்லாம் அந்த முதல் மூன்று நான்கு விநாடியில் இருக்கிறது. காரைக்குடியில் பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த மூன்று விநாடி மூன்று நிமிடமாகத் தெரியும்.

மோட்டார் இல்லாமல் நாலு மாதம் ஓட்டினேன். பெரியார் சிலைப் பக்கம் ஒரு நாள் கிளம்பும்போது வண்டி சாய்ந்து, ஒரு பூக்கார அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் விழுந்தேன். அவர் திட்டவில்லை. "பாத்து எந்திரிப்பா, இன்னும் பழகலயா?" என்றார். அதுதான் திட்டைவிட வலித்தது. அந்த வாரமே மோட்டார் ஆர்டர் போட்டேன். அந்த விநாடிகளை அது பார்த்துக்கொள்கிறது. அதற்கு 250 வாட் போதும், ஏராளம். 1000 வாட் வைக்கட்டுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தக் காசுக்கு நல்ல பிரேக் வாங்குங்கள்.

எத்தனையோ மாதிரி இருக்கிறதே, நீங்கள் செய்தது எந்த மாதிரி?

நீள வண்டி. முன் சக்கரம் 20 இஞ்ச், பின் சக்கரம் 26 இஞ்ச். இரண்டு சக்கரத்தின் அச்சுக்கும் நடுவே 165 சென்டிமீட்டர். பெடல் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. சீட் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட திண்ணை உயரம்.

பெடலை முன் சக்கரத்துக்கும் முன்னால் வைக்கிற குட்டை வண்டியும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் திரும்பும்போது குதிகால் சக்கரத்தில் உரசும். மூன்று சக்கரத்தில் செய்தால் விழவே மாட்டோம், ஆனால் இரண்டு முன் சக்கரத்துக்கும் ஸ்டியரிங் கோணம் ஒத்துவர வேண்டும், அகலமும் கூடும். முதல் தடவை செய்கிறவருக்கு நீள வண்டியே சரி. கொஞ்சம் தப்பாக வெட்டினாலும் மன்னித்து ஓடும்.

என்னென்ன சாமான்? எங்கே வாங்கினீர்கள்?

காயலாங்கடையில். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள் மரத் தூணும் ஜெர்மன் எனாமல் தட்டும் பார்ப்பார்கள், நான் இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருப்பேன். மூன்று செத்த சைக்கிள் வாங்கினேன். கியர் சைக்கிள் ஒன்றிலிருந்து பின்பாதி முழுசாக, டிஸ்க் பிரேக் மாட்டும் காதோடு. பிள்ளைகள் சைக்கிளிலிருந்து 20 இஞ்ச் சக்கரம், ஃபோர்க், அந்த ஃபோர்க் நுழைந்து திரும்புகிற ஹெட் குழாய். பழைய கறுப்புச் சைக்கிளிலிருந்து பெடல் மாட்டிய கிராங்கின் அச்சு ஓடுகிற அந்த பி.பி. கூடு.

முதுகெலும்பு 40-க்கு 40 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். மீட்டருக்கு 2.4 கிலோ வரும். எனக்கு 2.2 மீட்டர் ஆனது. 1.6 மில்லிமீட்டரும் தாங்கும், எடையும் குறையும். ஆனால் நம் கிரில் பட்டறைகளில் கேட் ஒட்டிப் பழகிய கைக்கு மெல்லிய குழாய் சட்டென்று ஓட்டை விழுந்துவிடும். அதனால் 2-தான் எடுத்தேன். இன்றைக்கு மொத்த வண்டி 27 கிலோ. கனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கால் அளவு எடுப்பது எளிது. பட்டாலையில் தரையோடு உட்கார்ந்து முதுகைச் சுவரில் ஒட்டி, காலை நீட்டி, சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளந்தால் போதும். பெடல் தூரத்தில் வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அளவு தப்பும் என்று பயந்து, பெடல் பகுதியைத் தனிக் குழாயாக உள்ளே நுழைத்து, இரண்டு போல்ட்டில் இறுக்குகிற மாதிரி செய்தேன். என் மைத்துனர் என்னைவிட அரை அடி உயரம், அவரும் ஓட்டுகிறார்.

ஒட்டும்போது இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது நேர்கோடு. ஹெட் குழாயிலிருந்து பின் அச்சுக் காது வரை இரண்டு பக்கமும் நூல் கட்டுங்கள். நடுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொத்தனார் சுவருக்குப் பார்ப்பதுபோலத்தான். முதலில் நாலு மூலையிலும் பொட்டுப் பொட்டாக வைத்து, நூலை மறுபடி பார்த்து, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் சூட்டில் குழாய் வில்லாக வளையும். என் முதல் ஃபிரேம் அப்படித்தான் ஆனது, இப்போது அது பின்கட்டில் கொடிக்கம்பியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது, பழைய சைக்கிளின் குரோம், பெயின்ட், துத்தநாகப் பூச்சு எல்லாவற்றையும் ஒட்டும் இடத்தில் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

சீட் கடையில் கிடைக்குமா?

கிடைக்காது. அரை இஞ்ச் குழாயை வளைத்து ஒரு சட்டம் செய்து, நாற்காலி பின்னுகிற பிளாஸ்டிக் ஒயரால் பின்னினேன். ஆபீஸ் நாற்காலி பின்னுகிற பெரியவர் ஒருவர், பின்னலில் குறுக்கு ஒயரை மட்டும் ஒரு இழுப்பு அதிகமாக இறுக்கினார். "நடுவுல தொய்வு குடுத்தா ரெண்டு மாசத்துல பள்ளமாயிரும் தம்பி, இடுப்பு பட்டையில மட்டும் தொய்யவே கூடாது." அந்த இறுக்கம் இன்னும் இருக்கிறது. காற்று முதுகு வழியாகப் போவதால் சட்டை நனைவது குறைவு. ரெக்சின் மெத்தை வைத்து ஒருவர் செய்து பார்த்தார். சித்திரை மாதத்தில் முதுகில் தோசை சுடலாம் என்றார்.

செயின் இவ்வளவு நீளமா? அறுந்துபோகாதா?

சாதாரண செயின் இரண்டரை சேர்ந்தது. நீளம் என்பதற்காக அறுவதில்லை, ஆனால் தொங்கும், ஆடும், வேட்டி லுங்கியைப் பிடிக்கும். அதனால் சீட்டுக்குக் கீழே ஒரு உருளை. இழுக்கிற பக்கச் செயின்தான் அதில் ஏறி இறங்குகிறது, எல்லாப் பலமும் அங்கே விழும். முதலில் பிளாஸ்டிக் உருளை வைத்தேன், மூன்று வாரத்தில் வாய்க்கால் விழுந்தது. பிறகு லேத் பட்டறையில் நைலான் கட்டையைக் கடைந்து, நடுவில் பேரிங் அடித்துத் தந்தார்கள். இரண்டு வருடமாக ஓடுகிறது. திரும்பி வருகிற பக்கத்துக்குப் பலம் தேவையில்லை, ஒரு பிளாஸ்டிக் டியூபுக்குள் விட்டிருக்கிறேன்.

ஹேண்டில் பாரும் இதே மாதிரி சங்கதி. கைக்கும் முன் சக்கரத்துக்கும் ஒரு மீட்டர் தூரம். அதனால் முழங்காலுக்கு மேலே தனி ஹேண்டில், அதிலிருந்து ஒரு கம்பி ஃபோர்க்குக்குப் போகிறது, இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட். நட் கட்டாயம் நைலாக் நட்டாக, அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்துத் தானாகக் கழலாத நட்டாக, இருக்க வேண்டும். அந்த ஒரு நட் கழன்றால் ஸ்டியரிங்கே இல்லை. வாரம் ஒரு முறை விரலால் ஆட்டிப் பார்க்கிறேன், பல் துலக்குகிற மாதிரிப் பழக்கமாகிவிட்டது.

மோட்டார் முன் சக்கரத்தில் வைத்தால் வேலை சுலபமாமே?

சுலபம்தான். நானும் அப்படித்தான் வைத்தேன், பட்டேன்.

நீள வண்டியில் பாரம் பெரும்பாலும் பின்னால். முன் சக்கரம் லேசாக இருக்கும். செம்மண் சரளையில் கிளம்பினால் முன் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், வண்டி நகராது. அதுகூடப் பரவாயில்லை. சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிற இந்த ஹப் மோட்டாரின் அச்சு மற்ற சைக்கிள் அச்சு மாதிரி சும்மா நிற்பதில்லை. சக்கரம் ஒரு பக்கம் சுற்றினால், அச்சு எதிர்ப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்துக்கொள்வது ஃபோர்க் காதில் இருக்கும் பத்து மில்லிமீட்டர் பிளவும் நட்டும் மட்டும்தான். ஒரு நாள் கோட்டையூர் தாண்டி டக்கென்று ஒரு சத்தம். அச்சு காதைப் பிளந்துகொண்டு முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே போகும் ஒயரைக் கயிறு திரிப்பதுபோல முறுக்கி அறுத்துவிட்டது. மெதுவாகப் போனதால் பல் தப்பியது.

இப்போது மோட்டார் பின் சக்கரத்தில். கூடவே டார்க் ஆர்ம் என்று ஒரு இரும்புப் பட்டை, அச்சின் தட்டையான பக்கத்தைக் கவ்விக்கொண்டு ஃபிரேமோடு போல்ட் ஆகியிருக்கிறது. 6 மில்லிமீட்டர் தகட்டில் அரத்தால் ராவியே செய்யலாம். சின்ன மோட்டார்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: பெடல் மிதித்தால் மோட்டாருக்குச் சொல்கிற காந்த வட்டு உண்டு. அதைத் திருப்பி மாட்டினால் முன்னால் மிதிக்கும்போது மோட்டார் பேசாமல் இருக்கும். "மோட்டார் செத்துப்போச்சு" என்று இரண்டு பேர் என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டுமே அதுதான். சரியாக மாட்டினாலும் கால்வாசிச் சுற்று மிதித்த பிறகுதான் அது விழிக்கும். கிளம்புகிற அந்த நேரத்துக்காகக் கட்டைவிரல் த்ராட்டில் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். வண்டி நகர்ந்ததும் விட்டுவிடுவேன்.

பேட்டரி எது? நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 12 செல் வரிசையாக, 38.4 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. மற்ற லித்தியம் வகைகளைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் சூட்டுக்குப் பொறுமையானது, எளிதில் தீப்பிடிக்காது. போக வர 21 கிலோமீட்டருக்கு நானும் மிதித்தால் 160 வாட்-மணி அளவில் செலவாகிறது. இரண்டு நாளுக்கு ஒரு முறை சார்ஜ், ஒவ்வொரு தடவையும் அரை யூனிட்டுக்குள்.

சார்ஜரை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். என் பேட்டரிக்கு 43.8 வோல்ட் சார்ஜர். 36 வோல்ட் என்று எழுதிய சாதாரண லித்தியம் அயான் பேட்டரிக்கு 42 வோல்ட்தான். இரண்டுக்கும் பிளக் ஒரே மாதிரி இருக்கும், பார்த்தால் தெரியாது. 42-ஐ என்னுடையதில் போட்டால் நிறையாது, அவ்வளவுதான். என்னுடையதை அதில் போட்டால் வீட்டுக்கே ஆபத்து.

வெயிலில் வந்தவுடன் சார்ஜ் போடமாட்டேன். செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே நின்ற வண்டியின் பேட்டரிப் பெட்டி தொட்டால் சுடும். ஆத்தங்குடிக் கல் போட்ட தரையில் ஒரு மணி நேரம் வைத்தால் தானாக ஆறிவிடும். செட்டிநாட்டு வீட்டில் இருப்பதற்கு இப்படியும் ஒரு லாபம்.

முதல் பேட்டரியை இணையத்தில் மலிவாக வாங்கி ஏமாந்தேன். 10 ஆம்பியர்-மணி என்று ஒட்டியிருந்தது, அளந்து பார்த்தால் ஆறுகூட வரவில்லை. கனத்தை எடை போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இத்தனைக்கும் நான் தினமும் வேலைக்கு வருகிற ஊரிலேயே செக்ரி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம். பேட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கியமான வேலை. அந்த மதிலை ஒட்டிப் போகும்போது என் பேட்டரியைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ளத் தோன்றும்.

லைசென்ஸ், நம்பர் பிளேட் வேண்டாமா? போலீஸ் பிடிக்கவில்லையா?

மத்திய மோட்டார் வாகன விதிகளில், மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுபோவதாகவும் இருக்கும் மிதி சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். ஆனால் அதே விதி, இவற்றைச் சோதனை நிலையம் சரிபார்த்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அது கம்பெனிகள் செய்துகொள்கிற காரியம். வீட்டில் செய்த ஒற்றை வண்டிக்கு அப்படி ஒரு சான்று என்னிடம் இல்லை. அதைச் சொல்லாமல் "முழுக்கச் சட்டப்படி" என்று மார்தட்ட மாட்டேன். மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுகிற கன்ட்ரோலரில் கரண்ட்டையும் வேகத்தையும் அந்த எல்லைக்குள் கட்டிவைத்திருக்கிறேன், 25-க்கு மேல் போவது என் காலால் மட்டுமே. இரண்டு முறை நிறுத்தினார்கள். ஒரு முறை மோட்டார் எங்கே என்று பார்த்தார்கள், இன்னொரு முறை செல்ஃபி.

பெட்ரோல் எஞ்சின் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின்தான் விலக்கு. சைக்கிளுக்கென்று விற்கிற எஞ்சின்கள் பல அதைத் தாண்டியவை. தாண்டினால் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். சத்தத்தையும் புகையையும் பற்றி நான் பேசவே இல்லை.

ஓட்டப் பழக எத்தனை நாள்?

சைக்கிள் தெரிந்தவருக்கு மூன்று நாள். தெரியாதவருக்கும் மூன்று நாள்தான், சில சமயம் அவர்களே முந்திக்கொள்கிறார்கள், பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுப்பதில்லை அல்லவா. ஊருணிக் கரைக்குப் பக்கத்துப் பொட்டலில் தொடங்குங்கள். தோளைத் தளர்த்தி, ஹேண்டிலை முட்டை பிடிப்பதுபோலப் பிடித்து, தூரத்தில் ஒரு பனைமரத்தைப் பாருங்கள். முன் சக்கரத்தைப் பார்த்தால் விழுவீர்கள்.

ஓடும்போது காலைத் தரையில் ஊன்றவே கூடாது. இதில் கால் உடம்புக்கு முன்னால் இருக்கிறது. பாதம் தரையில் பட்டால் வண்டி அதன் மேலேயே ஏறிவரும், கணுக்கால் பின்னால் மடங்கி முறியும். சாதாரண சைக்கிளில் இல்லாத ஆபத்து இது. பெடலிலிருந்து கால் வழுக்காமலிருக்க, பிய்ந்த ரப்பர் செருப்பின் வாரைப் பெடலில் போல்ட் வைத்து, குதிகாலுக்குப் பின்னால் வருகிற மாதிரி கட்டியிருக்கிறேன். நின்ற பிறகுதான் கால் கீழே.

இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே, பஸ்காரர் கண்ணுக்குத் தெரியுமா?

என் கண் மட்டம் கார் ஓட்டுபவரின் கண் மட்டத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு தாழ்வு இல்லை. ஆனாலும் கொடி ஒன்று வேண்டும். கொடியின் நிறம் பெரிய பிரச்சினையாகிவிட்டது. சிவப்புத் துணி கட்டினேன், தோழர் என்றார்கள். கறுப்பும் சிவப்புமாக மீதித் துணி கிடைத்தது, சொல்லவே வேண்டாம். காவிக்கும் அதே கதை. மஞ்சள் கட்டினால் எந்த அம்மனுக்கு என்றார்கள். கடைசியில் சாலைப் பணியாளர் போடுகிற, கண்ணைப் பறிக்கும் பச்சை-மஞ்சள் கோட்டை வெட்டிக் கட்டினேன். தை மாதத்தில் மட்டும் "பழனிக்கா?" என்று கேட்கிறார்கள். அது பரவாயில்லை, அப்போது எல்லோரும் வழி விடுகிறார்கள்.

உண்மையில் கொடியைவிட வினோதம்தான் என்னைக் காப்பாற்றுகிறது. இதென்ன என்று பார்ப்பதற்காகவே வேகத்தைக் குறைக்கிறார்கள். என்னை உரசிக்கொண்டு போகிறவர்கள் செல்போனில் படம் எடுக்கிற பைக்காரர்கள்தான்.

நாய்?

கால் நேராக நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தூர் எல்லையில் மூன்று உண்டு. ஒரு மாதம் பிஸ்கட் போட்டுச் சமாதானம் செய்துகொண்டேன்.

வெயில், காற்று, மழை எல்லாம் எப்படி?

வெயில்தான் இந்த வண்டியின் பெரிய குறை. குனிந்து ஓட்டினால் முதுகில் விழும் வெயில், இதில் முகத்திலும் வயிற்றிலும் விழுகிறது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். காரைக்குடி எங்களுக்குத் தெற்கே. காலையில் தெற்கே போகும்போது சூரியன் இடப்பக்கம். மாலையில் வடக்கே திரும்பும்போது மேற்குச் சூரியன், அதுவும் இடப்பக்கம். என் இடது கை வலது கையைவிட ஒரு நிறம் கறுத்துவிட்டது. இப்போது இடது கைக்கு மட்டும் துணி உறை. கண்ணுக்குத் தொப்பி போதாது, விளிம்பு நீண்டது வேண்டும்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் தள்ளும். நீள வண்டி அதற்கு ஆடாது, ஆனால் கொடி படபடவென்று அடிக்கிற சத்தம் காதைத் துளைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் செம்புறாங்கல் மண் வழுக்கும், அங்கே மோட்டாரைத் தொடமாட்டேன். ஒயர் எதுவும் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு போட்டு நுழையட்டும், தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். கன்ட்ரோலரை மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தேன். சூடு வெளியேற வழியில்லாமல் பாதி வழியில் நின்றது. இப்போது அலுமினிய டிபன் டப்பாவில், அடிப்பக்கத்தோடு ஒட்டி, காற்றுப் படும் இடத்தில் இருக்கிறது.

பஞ்சர் ஆனால்? மோட்டார் சக்கரத்தை எப்படிக் கழற்றுவது?

கழற்றாதீர்கள். சீமைக்கருவேல முள் இருக்கும்வரை இங்கே பஞ்சர் நிச்சயம். மோட்டார் ஒயர், டார்க் ஆர்ம், பிரேக் எல்லாவற்றையும் அவிழ்த்து மாட்ட அரை மணி ஆகும். சக்கரம் இருந்தபடியே டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் தூக்கி, முள் குத்திய இடத்தில் டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். பஞ்சர் கடைக்காரர் முதல் தடவை "கழட்டாமலா?" என்று முறைத்தார், இப்போது அவரே அப்படித்தான் செய்கிறார். எதற்கும் பையில் 18-ஆம் நம்பர் ஸ்பேனர் வையுங்கள். சைக்கிள் கடையில் பெரும்பாலும் 15 வரைதான் இருக்கும்.

செலவு எவ்வளவு?

எனக்கு ஆனது: இரும்பும் பழைய சைக்கிள்களும் நாலாயிரத்துக்குள், பட்டறைக் கூலி மூவாயிரம், மோட்டார் கிட் பதினாலாயிரம், உருப்படியான பேட்டரி பதிமூன்றாயிரம். ஏமாந்த பேட்டரியையும் வளைந்த ஃபிரேமையும் என் மனைவி சேர்க்கச் சொல்கிறார். நான் சேர்ப்பதில்லை.

எந்த நாளில் எடுக்காமல் இருப்பது நல்லது?

திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தை. அன்று சந்தைப் பக்கத் தெருக்களில் இவ்வளவு நீள வண்டியைத் திருப்ப முடியாது, சுற்றிப் போய்விடுவேன். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடி வழியில் பாதயாத்திரைக் கூட்டம், இருட்டிலேயே நடப்பார்கள். விளக்கைத் தாழ்த்தி, ஓரமாக, அவர்கள் வேகத்திலேயே போக வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். படுத்த வாக்கில் மாட்டைச் சந்திக்க எனக்குத் தைரியம் இல்லை.

"பின்னாடி ஒக்கார எடமே இல்லையேப்பா, பொண்டாட்டிய எங்க வச்சுக் கூட்டிட்டுப் போவ?"

வீட்டுக்கார ஆச்சி கேட்டது. அவளுக்கு ஸ்கூட்டி இருக்கு ஆச்சி, என்னைத்தான் அவள் கூட்டிட்டுப் போறா என்றேன். கேரியரில் பத்துக் கிலோ அரிசிப் பை தாராளமாக வைக்கலாம்.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால், பொட்டலில் மட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், வேட்டி கட்டி வராதீர்கள். பெடல் குழாயை உங்கள் கால் நீளத்துக்கு இழுத்து இறுக்கப் பத்து நிமிடம் ஆகும். முதல் ரவுண்டில் மோட்டார் ஆஃப்.